அம்மாவுக்கு ஒரு முன்வீடு

வெள்ளைச் சுவர், கறுப்புச் சட்டம் போட்ட உயரமான சன்னல், கூம்பிய கூரை, மரத்தூண் வைத்த முன் தாழ்வாரம், அதில் ஓர் ஊஞ்சல். வீடு கட்டப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அன்றிரவே உறவினர்கள் வாட்ஸ்அப்பில் இந்தப் படத்தை அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். ‘மாடர்ன் ஃபார்ம்ஹவுஸ்’ என்று பெயர். தமிழில் சொன்னால் நவீனப் பண்ணை வீடு. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து வேக்கோ நகரில் ஒரு தம்பதியர் பழைய வீடுகளைப் புதுப்பித்துத் தரும் ‘ஃபிக்ஸர் அப்பர்’ என்ற தொலைக்காட்சித் தொடர் 2013இல் தொடங்கியது. இந்தப் பாணி உலகம் சுற்றியதில் அந்தத் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் படங்களை உற்றுப் பார்த்தால் பல வீடுகளின் பின்புறம், புல்தரையைத் தாண்டி, அதே சாயலில் ஒரு குட்டி வீடும் தெரியும். ஒரு படுக்கையறை, சின்னச் சமையலறை, குளியலறை. வயதான அம்மா அப்பாவுக்கு என்று கட்டுவார்கள். கலிபோர்னியா மாநிலம் வீட்டுப் பற்றாக்குறையைச் சமாளிக்க 2016 முதல் சட்டங்களைத் தளர்த்தி இப்படிப்பட்ட வீடுகளை ஊக்குவிக்கிறது. பக்கத்துச் சிங்கப்பூரிலும் வீவக 2013இல் மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்வதற்கென்றே ‘3ஜென்’ அடுக்குமாடி வீடுகளை அறிமுகப்படுத்தியது.

பண்டமாரானில் அம்மாவின் நிலத்தில் நானும் என் கணவரும் கட்டியது இந்த இரண்டும் சேர்ந்த ஒன்று: எங்களுக்கு ஒரு வீடு, அம்மாவுக்குத் தனியாக ஒரு வீடு. அதன் வரைபடம் முடிவாவதற்குள் எங்கள் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை ஒரு வானொலித் தொடராகவே போடலாம். கடைசியில் முழு வரைபடத்தையும் மாற்றியது ஒரே ஒரு கேள்விதான். அம்மா வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

அப்பா வாங்கிய லாட்

பண்டமாரானைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1948இல் அவசரகாலம் வந்து, 1950இல் பிரிக்ஸ் திட்டத்தின்படி மக்களை ஒரே இடத்தில் குடியமர்த்தினார்களே, அப்போது உருவான புதுக்கிராமங்களில் பெரியவற்றில் ஒன்று இது. சீனர்கள் அதிகம். துறைமுகம், ரயில்வே, தோட்டம் என்று வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களும் சுற்றிலும் வந்து சேர்ந்தன. அப்பா துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹம். 1972இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. அவர் கூடுதல் நேர வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கியது 60 அடி அகலமும் 100 அடி ஆழமும் கொண்ட ஒரு லாட். அதில் ஒரு பலகை வீடு. நானும் அண்ணனும் வளர்ந்தது அங்கேதான்.

அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்தார். பலகை வீட்டைக் கரையான் ஒரு பக்கமாகத் தின்றுகொண்டிருந்தது. அண்ணன் குடும்பத்தோடு ஜொகூர் பாருவில். நாங்கள் கோலாலம்பூரில் அடுக்குமாடியில், இரண்டு பிள்ளைகளோடு. அம்மாவை எங்களோடு வந்து இருக்கச் சொன்னால் ஒரே பதில்தான்: “மக வீட்டுல போயி உட்கார்ந்தா நாலு பேரு என்னா சொல்வாங்க?”

அந்த நாலு பேரை நான் இன்னும் சந்தித்ததில்லை. ஆனால் அம்மா வயதுப் பெண்களுக்கு அது வெறும் பேச்சில்லை. மகன் வீட்டில் இருப்பது உரிமை, மகள் வீட்டில் இருப்பது தங்கல் என்று பழகி வந்தவர்கள். மருமகன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது மாமியார் அறையை விட்டு வெளியே வரத் தயங்குவார். தொலைக்காட்சியில் பிடித்த சேனலை மாற்றமாட்டார். பசித்தால்கூட எல்லோரும் சாப்பிடட்டும் என்று காத்திருப்பார்.

என் வேலை நேரமும் ஒரு காரணம். காலை நிகழ்ச்சிக்காக நான் நான்கரை மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவேன். திரும்பி வந்து மதியம் தூங்குவேன். அம்மா ஐந்து மணிக்கு வானொலியைப் போட்டால் குளிக்கும்போதும் கேட்கும் அளவுக்குச் சத்தம் வைப்பார். ஒரே கூரைக்குள் இந்த இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகாது. அதனால் அம்மாவின் நிலத்தில், பழைய வீட்டை இடித்துவிட்டு, இரண்டு தனித்தனி வீடுகள் என்று முடிவானது. மகள் வீட்டுக்கு அம்மா வரவில்லை. அம்மா மண்ணுக்கு மகள் வருகிறாள். அந்த வாதத்தில்தான் அம்மா இறங்கி வந்தார்.

“நான் பின்னால போகமாட்டேன்”

கட்டடக் கலைஞர் கொண்டுவந்த முதல் படம் அழகாகத்தான் இருந்தது. முன்னால் எங்கள் வீடு. பின்னால், வாழை மரங்கள் நிற்கும் இடத்தில் அம்மாவின் வீடு. சாலைச் சத்தம் கேட்காது, நிழல் உண்டு, அமைதி உண்டு என்று விளக்கினார். உலகம் முழுக்க அப்படித்தான் கட்டுகிறார்கள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். விரலால் அந்தக் குட்டி வீட்டைத் தொட்டார். “இது குசினிக்காரன் வீடு. நான் பின்னால போகமாட்டேன்” என்றார். பிறகு எழுந்து தேநீர் கலக்கப் போய்விட்டார்.

எங்கள் பாட்டி கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். அம்மா 12 வயது வரை வளர்ந்தது அந்தப் பங்களாவின் பின்கட்டில். மலாயா தோட்டங்களில் துரை பங்களாக்கள் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். மேட்டின் மேல் பெரிய வீடு, அகன்ற வராந்தா. பின்னால் தள்ளி, சமையற்கட்டும் வேலைக்காரர் அறைகளும். நடுவே கூரை போட்ட ஒரு நடைபாதை, சுடு சோறு மழையில் நனையாமல் துரை மேசைக்குப் போவதற்காக. அம்மா சொல்வார்: அவர்கள் அறைக் கதவைத் திறந்தால் தெரிவது வாழைத் தோப்பும் சாக்கடையும்தான். முன்பக்கப் பாதையில் நடக்கக்கூடாது. விருந்தாளி வந்தால் பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது. சொந்தக்காரர்கள் பார்க்க வந்தால் பின்வழியாக வர வேண்டும்.

மேட்டுக்குக் கீழே லயம். நீளமாக ஒரே கூரை, பக்கத்துப் பக்கத்தில் அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. முன்னால் ஓடும் பொது அஞ்சடி. எங்கே வீடு இருக்கிறது, எந்தப் பக்கம் வாசல் இருக்கிறது என்பதை வைத்தே ஒரு மனிதனின் மதிப்பைத் தோட்டம் எழுதி வைத்திருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர்.எச். நாதன் முன்நின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளில் சம்பளமும் மருத்துவமும் பள்ளிக்கூடமும் இருந்தன. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தோட்ட வீடுகளுக்கு ஒரு குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று சட்டம் வந்தது 1966இல். இப்போது நடப்பில் உள்ள 446ஆவது சட்டம் 1990ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்தக் கதை தெரிந்த பிறகு ‘பண்ணை வீடு’ என்ற சொல்லே எனக்கு வேறு மாதிரி ஒலித்தது. டெக்சஸ்காரர்களுக்கு அது தாத்தா உழுத நிலத்தின் நினைவு. நமக்கும் ஒரு பண்ணை உண்டு. அதில் பெரிய வீடும் உண்டு, பின்னால் குட்டி வீடும் உண்டு. நம்மவர்கள் அந்தக் குட்டி வீட்டில் இருந்தவர்கள். எழுபது வயதில், தன் பெயரில் கிராண்ட் உள்ள நிலத்தில், மறுபடியும் ஒரு வாழை மரத்தைப் பார்த்த பின்கட்டுக்கு அம்மா ஏன் போக வேண்டும்?

வாசல் மாறியது

படத்தை அப்படியே திருப்பிப் போட்டோம். மன்றம் கேட்கும் இடைவெளி போக, கேட்டுக்குப் பக்கத்தில், சாலையைப் பார்த்தபடி அம்மாவின் வீடு. 20 அடி அகலம், 24 அடி நீளம். மொத்தம் 480 சதுர அடி. அதற்குப் பின்னால் 12 அடி முற்றம். அதற்குப் பின்னால்தான் எங்கள் வீடு. சாலைச் சத்தம் கேட்குமே, கொள்கலன் லாரிகள் போகுமே என்றோம். “லாரி போனாதான் ஊரு உயிரோட இருக்குன்னு அர்த்தம்” என்றார் அம்மா.

பெயர் வைப்பதில் ஒரு சிக்கல். குத்தகையாளரிடம் பேசும்போது என் கணவர் வெள்ளந்தியாக “சின்ன வீட்டுக்கு எவ்வளவு செலவாகும்?” என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பாக்யராஜ் 1985இல் அந்தப் பெயரில் படமே எடுத்துவிட்ட பிறகு, தமிழ்க் குடும்பத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு அம்மா வைத்த பெயர்தான் ‘முன்வீடு’.

தனி அடுப்பு வைத்தால் குடும்பம் பிரிந்துவிடும் என்று எங்கள் பெரியம்மா எச்சரித்தார். நான் செட்டிநாட்டு நகரத்தார் வழக்கத்தைச் சொன்னேன். அங்கே மகனுக்குக் கல்யாணமானதும் ‘வேறு வைத்தல்’ என்று ஒன்று உண்டு. அதே பெரிய வீட்டுக்குள், அந்தத் தம்பதிக்கென்று தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஒவ்வொரு தம்பதியும் ஒரு ‘புள்ளி’. நல்லது கெட்டதுக்கு எல்லாரும் ஒரே வளவில் கூடுவார்கள். அடுப்பைப் பிரித்ததால்தான் அத்தனை பேரும் ஒரே கூரைக்குள் இருக்க முடிந்தது. பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டைப் பார்க்க வந்தபோது, அம்மா கையால் தன் அடுப்பில் வைத்த நெத்திலிச் சம்பலை இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

எடுத்ததும் விட்டதும்

பண்ணை வீட்டுப் படங்களிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது? அதற்கு எங்களிடம் ஓர் அளவுகோல் இருந்தது. தோட்டத்துப் பலகை வீட்டில் ஏற்கெனவே இருந்த பொருளா என்று பார்த்தோம். இருந்தது என்றால் நம் வெயிலுக்கும் மழைக்கும் ஒத்துப்போகும் என்று பொருள்.

கூம்பிய உயரக் கூரை வேண்டும். சூடு மேலே போகும், அடைமழையும் வழிந்துவிடும். கட்டடத் துணைச் சட்டப்படி வாழறையின் உயரம் 2.5 மீட்டர் இருந்தால் போதும். நாங்கள் முன்வீட்டின் கூடத்தில் 12 அடி வரை விட்டோம். முன் தாழ்வாரமும் வேண்டும். அதுதான் நம் அஞ்சடி. படங்களில் அது மூன்றடிக்கு ஒப்புக்கு இருக்கும். நாற்காலி போட்டு உட்கார்ந்து, முன்னால் ஒருவர் நடந்தும் போக ஆறடியாவது வேண்டும். கூரை விளிம்பை நான்கடி வெளியே இழுத்தோம். சாரல் சுவரைத் தொடாது, பகல் வெயிலும் நேராக உள்ளே வராது.

கறுப்புக் கூரை வேண்டாம், வெயிலை உறிஞ்சும். மேற்குப் பக்கம் ஆளுயரக் கண்ணாடி வேண்டாம், நான்கு மணிக்கு மேல் அந்த அறை அடுப்பாகும். திறந்த சமையலறையும் எங்களுக்குச் சரிவராது. கடுகு தாளித்து, பிளாச்சான் வறுக்கும் வீட்டில் வாசனை தலையணை வரைக்கும் போகும். இன்று மேம்பாட்டாளர்கள் ‘வெட் கிச்சன்’ என்று தனியாகக் காட்டுவது, தோட்டத்து வீட்டின் பின்னால் சிமெண்டுத் தரை போட்டிருந்த அதே குசினிதான்.

சன்னலுக்கும் கணக்கு உண்டு. இயற்கை வெளிச்சத்துக்கான திறப்பு தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, காற்று தடையின்றி வர 5 விழுக்காடாவது திறக்க வேண்டும் என்பது விதி. 120 சதுர அடி அறைக்கு 12 சதுர அடி, அதாவது மூன்றுக்கு நான்கு அடியில் ஒரு சன்னல். நாங்கள் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு வைத்தோம். ஒரு பக்கம் மட்டும் சன்னல் வைத்தால் காற்று வரும், ஆனால் போக வழி இருக்காது.

அந்தப் படங்களிலிருந்து முழு மனதோடு எடுத்தது ஒன்று: தொழுவக் கதவு. மேலே தண்டவாளத்தில் தொங்கி, பக்கவாட்டில் நகரும் கதவு. எல்லாரும் அதை அலங்காரத்துக்காகக் கூடத்தில் வைப்பார்கள். நாங்கள் அம்மாவின் குளியலறைக்கு வைத்தோம். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் யாராவது வழுக்கி விழுந்துவிட்டால், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துவிடும். நகரும் கதவுக்கு அந்தக் கவலை இல்லை. தரையில் தடமும் இல்லை, கால் தட்டாது. அகலம் மூன்றடி. உள்ளே ஐந்தடி வட்டத்துக்கு இடம், என்றைக்காவது சக்கர நாற்காலி தேவைப்பட்டால் திரும்புவதற்கு.

கூரையில் ஒரு தகராறு வந்தது. தகரக் கூரையில் விழும் மழைச் சத்தம் அம்மாவுக்கு வேண்டும், அது இல்லாமல் தூக்கம் வராது. எனக்கோ மதியத் தூக்கம். சில நாட்களில் வீட்டிலிருந்தே குரல் பதிவும் செய்ய வேண்டும். கடைசியில் இரண்டு வீட்டுக் கூரைக்கும் அடியில் கம்பளிபோல் இருக்கும் கனிமநார்த் தடுப்பைப் போட்டோம். அது சத்தத்தையும் சூட்டையும் சேர்த்துக் குறைக்கும். முன்வீட்டு அஞ்சடிக்கு மேல் மட்டும் வெறும் தகரம். மழை பெய்தால் அம்மா படுக்கையறைச் சன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார்.

மண்ணும் தண்ணீரும்

கிள்ளான் கடலோரப் பகுதி மண் மென்மையான களிமண். இங்கே வரிசை வீடுகளில் பலர் பார்த்திருப்பீர்கள்: பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறை, பழைய சுவரோடு சேரும் இடத்தில் கோடு போட்டாற்போல் பிளந்திருக்கும். பழைய வீடு பைல் அடித்த அடித்தளத்தில் நிற்கும். நீட்டிய பகுதி வெறும் தரையில் நிற்கும். இரண்டும் ஒரே அளவில் இறங்காது. அம்மாவுக்கு ஓர் அறையை ஒட்டிக் கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். தனியாக நிற்கும் கட்டடத்துக்கு, மண் பரிசோதனை செய்து, பொறியியலாளர் சொல்லும் தனி அடித்தளம் போட்டுவிட்டால் ஒன்று மற்றொன்றை இழுக்காது.

அடுத்தது தண்ணீர். 2021 டிசம்பர் 18ஆம் தேதியை ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மக்கள் மறக்கமாட்டார்கள். கிள்ளான்காரர்களும் மறக்கவில்லை. எங்கள் பக்கம் கடல் பொங்கும் நாளில் கனமழையும் சேர்ந்தால் வாய்க்கால் தண்ணீர் வடிய இடமில்லாமல் நிற்கும். அதனால் தரையை இரண்டடி உயர்த்த வேண்டும் என்றார் பொறியியலாளர். தோட்டத்து வீடுகள் கட்டைக்கால்களில் நின்றது சும்மா இல்லை.

ஆனால் அம்மாவின் முட்டி? இரண்டடி என்றால் நான்கு படி. சாய்தளம் போட வேண்டுமானால் ஓரடி ஏற 12 அடி நீளம் என்பது பொதுவான கணக்கு. இரண்டடிக்கு 24 அடி. முன்வீட்டின் நீளமும் சரியாக 24 அடி. வீட்டின் பக்கவாட்டில் சாய்தளத்தை ஓடவிட்டு, கைப்பிடி வைத்து, ஓரமாகக் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் நட்டோம். பார்ப்பவர்களுக்கு அது நோயாளிக்கான பாதையாகத் தெரியாது. பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். பெரிய வீட்டுக்குச் சாமான் கொண்டுவருபவர்கள்கூட அதில்தான் தள்ளுவண்டியை ஏற்றுகிறார்கள்.

காகிதங்கள்

இளம் குடும்பங்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். முதலில் கிராண்டை எடுத்துப் பாருங்கள். நிலத்தின் வகை ‘கட்டடம்’ என்று இருக்கிறதா, ‘விவசாயம்’ என்று இருக்கிறதா? அதில் எழுதியிருக்கும் நிபந்தனை என்ன? சந்தேகம் இருந்தால் நில அலுவலகத்தில் கேளுங்கள். அடுத்து ஊராட்சி மன்றம். கிள்ளானுக்கு 2024 பிப்ரவரி 5 முதல் அரச மாநகர் என்ற தகுதி. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவின்படி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி எந்தக் கட்டடமும் எழுப்பக்கூடாது. பின்கொல்லையில் ஓர் அறைதானே என்ற சமாதானம் செல்லாது. ஒரே லாட்டில், தனிச் சமையலறையோடு இரண்டாவது கட்டடம் வைக்க முடியுமா என்ற கேள்வியைப் படம் வரைவதற்கு முன்பே உங்கள் கட்டடக் கலைஞர் மூலம் மன்றத்திடம் கேட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் ‘சி.சி.சி.’ சான்றிதழ் தருவது, 2007 முதல், திட்டத்துக்குப் பொறுப்பேற்ற அந்த நிபுணர்தான். அதனால் பதிவு பெற்ற ஆளைப் பிடிப்பது முக்கியம்.

இரண்டு வீடு இருந்தாலும் கிராண்ட் ஒன்றுதான். முன்வீட்டை மட்டும் தனியாக விற்க முடியாது. இதில்தான் அண்ணன் தங்கை சண்டை ஒளிந்திருக்கிறது. உயில் எழுதாவிட்டால், 1958ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி அம்மாவின் நிலத்தில் எனக்கும் அண்ணனுக்கும் சம பங்கு. அதன் மேல் கட்டிய வீட்டுக்குக் கடன் கட்டுவது நாங்கள். அடித்தளம் போடுவதற்கு முன்பே அம்மா அண்ணனை ஜொகூரிலிருந்து வரச் சொன்னார். மூவரும் வழக்கறிஞர் முன் உட்கார்ந்தோம். எதற்கு எவ்வளவு என்று எழுதினோம். அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: “நான் ஊருக்கு வந்தா எங்க தங்கறது?”

“என் வீட்டுல” என்றார் அம்மா. அவர் குரலில் அந்த இரண்டு சொல்லை அவ்வளவு உறுதியாக நான் அதற்கு முன் கேட்டதில்லை. இப்போது அண்ணன் வந்தால் முன்வீட்டுக் கூடத்தில்தான் பாய் விரிக்கிறார். மகள் வீட்டுக்கு வந்த மகனாக அல்ல, அம்மா வீட்டுக்கு வந்த மகனாக.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன அளவு என்பதால் மலிவு என்று நினைக்க வேண்டாம். வீட்டில் காசைத் தின்பது குளியலறையும் சமையலறையும்தான். அவை இரண்டும் முன்வீட்டிலும் உண்டு. சதுர அடிக் கணக்கில் பார்த்தால் பெரிய வீட்டைவிட அதற்குத்தான் அதிகம் ஆனது. மின்சாரத்துக்குத் துணை மீட்டர் வைக்கச் சொன்னதும் அம்மாதான். மாதக் கடைசியில் எண்ணைப் பார்த்து, தன் பங்கை என் கையில் வைத்துவிடுவார். வாங்க மறுத்துப் பார்த்தேன். “அப்ப நான் வாடகைக்கு இருக்கேனா, சும்மா இருக்கேனா?” என்றார். வாங்கிக்கொண்டேன்.

இப்போது

குடிவந்து ஒரு தீபாவளி ஆகிவிட்டது. எல்லாம் இனிமை என்று சொல்ல மாட்டேன். முன்வீட்டில் இருப்பதால் எங்களைப் பார்க்க வரும் ஒவ்வொருவரும் முதலில் அம்மாவைத் தாண்டித்தான் வர வேண்டும். யார் வந்தார், எத்தனை மணிக்குப் போனார், என்ன பொட்டலம் வந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். நான் இரவு தாமதமாக வந்தால் அஞ்சடி விளக்கு எரியும். சில நாள் அது எனக்குத் தொல்லை. பெரும்பாலான நாள் அந்த வெளிச்சத்தில்தான் கேட்டைப் பூட்டுகிறேன்.

மாலை ஐந்து மணிக்கு அம்மா அஞ்சடியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி குய் தட்டோடு வருவார். இருவரும் பாதி மலாயிலும் பாதி கையசைவிலும் பேசுவார்கள். முற்றத்தின் மேல் கூரை போட்ட ஒரு நடைபாதை உண்டு. பங்களாவில் அந்த வழியாகச் சோறு முன்னால் போனது. இங்கே என் பிள்ளைகள் எங்கள் வீட்டுச் சாப்பாடு பிடிக்காதபோது தட்டை எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் பாட்டியிடம் ஓடுகிறார்கள்.

ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன், இந்த வீட்டில் இன்னும் என்ன வேண்டும் என்று. குளியலறைக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி வைக்கச் சொன்னார். “உனக்கு என்னைவிட உயரம் கம்மி. எனக்கப்புறம் நீயும் மாப்பிள்ளையும்தானே இங்க வரப் போறீங்க?”

முன்வீட்டை அம்மாவுக்குக் கட்டினோம் என்றுதான் இத்தனை நாளும் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். பெற்றோருக்கு ஒரு வீடோ ஓர் அறையோ கட்ட நினைக்கிறவர்கள் வரைபடத்தை அவர்கள் கையில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். பிறகு அந்த வாசலில் முப்பது வருடம் கழித்து நாம் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கைப்பிடி இரண்டு அங்குலம் கீழே இறங்கிவிட்டது.